சில்லுக்குக் கட்டிய இடம்



போன மாதம் வீட்டுத் தோட்டம் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் இருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். தோட்டத்தைப் பற்றி இரண்டு வரி, மிச்சம் எல்லாம் வேறு கதை. "வீட்டோடு சேர்த்து லாண்ட்மாஸ்ரர் விடுவதற்கு ஒரு பத்தி இறக்கி வைத்திருக்கிறோம். மகள் பிள்ளைப்பேற்றுக்கு வரப்போகிறாள். இருக்கிற இரண்டு அறையும் காணாது. அந்தப் பத்தியை மறைத்து அறையாக்கலாம் என்று யோசிக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்ததாகக் கேள்விப்பட்டேன். எப்படிச் செய்தீர்கள் என்று எழுத முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

செய்தது உண்மைதான். 2023 ஆம் ஆண்டு, சிறுபோக வெட்டு முடிந்து மாரி தொடங்க முன் செய்தோம். ஆனால் அதை எழுதுவதென்றால் கல்லையும் சீமெந்தையும் மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. நான் விட்ட ஒரு பிழையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

எங்களுடையது இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீடு. 2010 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் 50,000 வீடுகள் கட்டித் தருவதாக இந்திய அரசாங்கம் அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். வடக்குக் கிழக்கில் பெரும்பாலான வீடுகள் 2012 இன் கடைசியில் இருந்துதான் எழும்பத் தொடங்கின. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. அதைக் கட்டம் கட்டமாக எங்கள் வங்கிக் கணக்கிலேயே போட்டார்கள். மேசனைப் பிடிப்பதும் கல் அரிவதும் சாமான் வாங்குவதும் எங்கள் பொறுப்பு. வன்னியில் எத்தனையோ பெண்கள் அப்போதுதான் முதன்முதலாகச் சீமெந்துப் பையை எண்ணி இறக்கப் பழகினோம். கலவையில் மணல் கூடிவிட்டதென்று மேசனோடு வாக்குவாதப்படவும் பழகினோம். புருசன் இல்லாத வீடுகளில் நாங்களே மேற்பார்வை. எங்கள் வீடு 2013 இல் முடிந்தது. இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, வெளியே மலசலகூடம். தறப்பாள் கொட்டிலில் இருந்து வந்தவர்களுக்கு அது அரண்மனை.

அந்த அரண்மனையில் என் தங்கச்சிக்கு அறை இருக்கவில்லை.

2009 ஆம் ஆண்டு பங்குனி மாதக் கடைசியில் மாத்தளனில் எறிகணைச் சிதறல் ஒன்று அவளுடைய முதுகில் ஏறியது. காயப்பட்டவர்களை ஏற்றிப்போன செஞ்சிலுவைக் கப்பலில் அவளைப் புல்மோட்டைக்குக் கொண்டுபோனார்கள். நான் பிள்ளைகளோடு கரையில் நின்றேன். பிறகு அவள் எங்கே, நாங்கள் எங்கே என்று தெரியாத மாதங்கள். கடைசியில் அவளைக் கண்டபோது இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கைகளில் மட்டும் பழைய பலம் அப்படியே இருந்தது. அன்றில் இருந்து அவளுக்குச் சக்கர நாற்காலி.

வீடு கட்டியபோது அறைக் கதவுகளுக்கு இரண்டரை அடி நிலை வைத்தோம். தங்கச்சியின் நாற்காலி இரண்டேகால் அடி. நேராகப் போனால் நுழையும். ஆனால் அறைக்கு முன்னால் திரும்ப வேண்டியிருந்ததால் முழங்கை இடிபட்டுத் தோல் உரியும். அதனால் அவளுடைய கட்டிலை ஹோலின் மூலையில் போட்டு, பழைய சேலை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொன்னேன். அந்தக் கொஞ்ச நாள் பத்து வருசமானது.

இதற்கு நான் ஆரையும் குறை சொல்ல முடியாது. வீட்டை நாங்களே கட்டுகிற திட்டம் அது. அரை அடி அகலமான கதவு போடு என்று மேசனிடம் நான் சொல்லியிருந்தால் போட்டிருப்பார். சொல்லவில்லை. யன்னலுக்கு என்ன நிறம் பூசுவதென்று பிள்ளைகளிடம் கேட்டேன். அடுப்பை எந்தப் பக்கம் வைப்பதென்று அம்மாவிடம் கேட்டேன். தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் நான் விட்ட பிழை.

2016 இல் மகன் பழைய லாண்ட்மாஸ்ரர் ஒன்றை வாங்கினான். அதை விடுவதற்கு வீட்டின் கிழக்குப் பக்கச் சுவரோடு ஒரு பத்தி இறக்கினோம். பத்தடி அகலம், பதினாலு அடி நீளம். வெளிப்பக்கம் கல்லுத் தூண், மேலே தகரம், கீழே கிறவல். மெசின் ஏறி இறங்க முற்றத்தில் இருந்து ஒரு சரிவும் போட்டோம். யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே. சில்லு உள்ள மெசினுக்குச் சரிவு போட வேண்டும் என்று எங்களுக்கு உடனே தெரிந்தது. சில்லில் வாழ்கிற மனிசி ஒருத்தி அதே வீட்டின் வாசல் படியில் ஒவ்வொரு நாளும் இரண்டு பேர் தூக்கி இறக்க வேண்டியவளாக இருந்தாள்.

2022 இல் மகளுக்குக் கலியாணம் பேசி ஆட்கள் வந்தார்கள். நல்ல ஆட்கள்தான். வருகிறார்கள் என்று தெரிந்தவுடன் ஹோலைக் கூட்டி, கதிரைகளைத் துடைத்து, தங்கச்சியின் மூலையில் சேலையை இழுத்து மூடினேன். அவள் உள்ளே நாற்காலியில் இருந்தாள். இழுத்து மூடியது நான்தான். அவளை அவர்கள் பார்க்கக் கூடாது என்று நினைத்தேனா, அவளுக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேனா என்று இன்றைக்கும் என்னால் நேர்மையாகச் சொல்ல முடியவில்லை.

வந்தவர்கள் தேத்தண்ணி குடித்து, சாப்பிட்டு, மூன்று மணித்தியாலம் கதைத்துக்கொண்டு இருந்தார்கள். முள்ளந்தண்டு காயப்பட்டவர்கள் ஒரே இடத்தில் அசையாமல் இருக்கக் கூடாது. நாற்காலியில் என்றால் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். படுக்கையில் என்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரண்டு படுக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு அழுத்துகிற இடத்தில் இரத்த ஓட்டம் நின்று தோல் சாகத் தொடங்கும். நோ தெரியாதபடியால் அவர்களுக்கே அது தெரியாது. தங்கச்சி அன்றைக்கு உடம்பைத் தூக்கவில்லை. தூக்கினால் நாற்காலி கிரீச்சென்று சத்தம் போடும். என்னைக் கூப்பிடவும் இல்லை. சேலைக்கு அந்தப் பக்கம் அந்நிய ஆட்கள்.

இரண்டு நாளில் சிவப்பாக ஒரு அடையாளம். பிறகு அது புண்ணானது. ஆறுவதற்கு மூன்று மாதம் எடுத்தது. மூன்று மாதமும் குப்புறப் படுக்கை. கிளினிக்கில் மருந்து கட்டிய தாதி, "இவவுக்கு வீட்டில தனி அறை இல்லையோ?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று இரவு முற்றத்தில் நின்று வீட்டைப் பார்த்தேன். கிழக்குப் பக்கம் பத்தி. அகலமான வாசல், படி இல்லை, சரிவு இருக்கிறது. மெசின் மட்டும் உள்ளே சுகமாக நிற்கிறது.

மகனிடம் சொன்னேன். அவன் கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் மெசின்தான் எங்கள் சோறு. "அம்மா, மாரி மழைக்க மெசினை வெளியில விட்டால் துருப்பிடிச்சு நாசமாப் போயிடும்" என்றான். பிறகு அவனே ஒரு வழியும் சொன்னான். "பத்தியைப் பாதியாத் தட்டி வைச்சு மறைப்பம். ஒரு பக்கம் மெசின், ஒரு பக்கம் சின்னம்மா."

அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. உங்களில் ஆரும் அப்படி யோசித்தால் தயவுசெய்து கைவிடுங்கள். டீசல் மெசினோ மோட்டார் சைக்கிளோ மூடிய இடத்தில் இயங்கும்போது வருகிற புகையில், பள்ளிக்கூடப் புத்தகத்தில் காபனோரொட்சைட்டு என்று படித்த வாயு இருக்கிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையில் இருப்பவரை எழும்ப விடாமலே கொல்லக்கூடியது. தட்டியும் பலகையும் அதை மறிக்காது. டீசல் கானும் பயிர்களுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல்களும் அப்படித்தான். படுக்கிற இடத்தோடு அவை இருக்கவே கூடாது. குசினிக்குள் கொண்டுபோய் வைக்கவும் கூடாது. வெளியே, பூட்டுப் போட்ட பெட்டியில், பிள்ளைகளுக்கு எட்டாமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் வெளியேறியது அந்த மருந்துப் போத்தல்கள்தான்.

மெசினுக்கு வேலிக்கரையில் நாலு பனங்கப்பு நட்டு, கழற்றிய பழைய தகரம் போட்டு ஒரு கொட்டில் செய்தோம். ஒரு நாள் வேலை. மெசினுக்கு நனையாமல் இருந்தால் போதும். மனிசருக்கு அது போதாது.

இனித் தங்கச்சி. அவள்தான் எல்லாரையும் விடக் கடுமையாக மறுத்தாள். "உனக்கு விசரே அக்கா? சீமெந்து விக்கிற விலைக்கு எனக்கொரு அறையோ? மெசினைக் கலைச்சுப்போட்டு அங்க என்னை விடுறதுக்கு, நான் என்ன லாண்ட்மாஸ்ரரே?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 2022 இல் ஒரு பை சீமெந்து 3,000 ரூபாவைத் தாண்டி நின்றது. அந்த வருசம் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் கிழமைக் கடனுக்கும் போகவில்லை. அந்தக் கடன் எங்கள் பெண்களை என்ன செய்தது என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அவ்வளவு மோசமான நிலைமை. நான் ஊர்ப் பெண்களோடு சீட்டுக் கட்டினேன். அடுத்த வருசம் சீட்டுக் காசும் சிறுபோக நெல்லுக் காசும் கையில் வந்தன.

மெசின் வெளியேறிய அன்று பின்னேரம் தங்கச்சியின் கையில் ஒரு சோக்கட்டியைக் கொடுத்தேன். "எங்க கட்டில், எங்க கதவு, எங்க யன்னல் எண்டு நீ கீறு. நான் மேசனிட்டைச் சொல்லுறன்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு நாற்காலியை உள்ளே உருட்டிக்கொண்டு போய், நடுவில் நின்று ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். கிறவலில் சில்லு வட்டமாகப் பதிந்தது. "இந்த வட்டத்துக்குள்ள ஒண்டும் வைக்கக் கூடாது" என்றாள். அளந்து பார்த்தோம். ஐந்து அடி. நாற்காலி திரும்புவதற்கு அவ்வளவு இடம் வேண்டும் என்று கட்டடம் படித்தவர்களும் சொல்கிறார்கள். அவள் அதைப் படித்தவளல்ல. பதின்மூன்று வருசமாக இடிபட்டுத் தெரிந்துகொண்டவள்.

இனி வேலையைச் சொல்கிறேன். கடிதம் எழுதிய சகோதரி இந்தப் பகுதியை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

முதலில் நிலம். மெசின் நின்ற இடத்தில் மண் ஒயிலில் ஊறியிருக்கும். அதன் மேல் அப்படியே சீமெந்து இழுத்தால் மணம் மேலே வரும். ஏற்கனவே சீமெந்து நிலம் இருந்தாலும் ஒயில் பட்ட இடத்தில் புதுச் சீமெந்து ஒட்டாது, பொருக்குப் பொருக்காகக் கழன்று வரும். நாங்கள் அரை அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி வெளியே போட்டோம். அடுத்த கேள்வி எவ்வளவு உயர்த்துவது என்பது. வீட்டு நிலம் முற்றத்தை விட ஒன்றரை அடி உயரம். பத்தி நிலம் அரை அடிதான் உயரம். அப்படியே விட்டால் சரிவு குறைவு, நாற்காலிக்குச் சுகம். ஆனால் 2018 மார்கழி 21, 22 ஆம் திகதிகளில் பெய்த மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது பத்திக்குள் மெசினின் சில்லுப் பாதி மூடத் தண்ணி நின்றது. வீட்டுக்குள் வரவில்லை. எழும்பி ஓட முடியாத ஒருவரைப் பள்ளத்தில் படுக்க வைக்க முடியுமா? அதனால் பத்தி நிலத்தையும் வீட்டு நிலத்துக்குச் சமமாக உயர்த்தினோம். கிறவலை ஒரேயடியாகக் கொட்டி நிரப்பக் கூடாது. அரை அடிக்கு ஒரு தரம் தண்ணி அடித்து இடித்து இறுக்க வேண்டும். அதன் மேல் தடித்த பொலித்தீன் விரித்து, அதற்கு மேல் மூன்று அங்குலக் கொங்கிறீற். பொலித்தீன் போடாவிட்டால் மாரியில் நிலம் வேர்க்கும், பாய் பூஞ்சணம் பிடிக்கும்.

இரண்டாவது சுவர். பத்தித் தூண்களுக்குத் தனித்தனியாகத்தான் அத்திவாரம் இருக்கும். தூணுக்கும் தூணுக்கும் இடையில் வெறும் நிலத்தில் கல் அடுக்கினால் முதல் மாரியிலேயே வெடிக்கும். இடையிலும் அத்திவாரம் வெட்ட வேண்டும். தூணில் துளை போட்டுக் கம்பி இறுக்கி, அந்தக் கம்பி புதுச் சுவரின் வரிகளுக்குள் போகும்படி கட்டினால் பழையதும் புதியதும் பிரியாது. சுவரின் அடியில் ஈரம் ஏறாமல் தார் பூச மறக்க வேண்டாம்.

கிடங்கு வெட்டுவது பற்றி ஒரு வார்த்தை. எங்கள் நிலம் எல்லாருடைய நிலத்தையும் போல இல்லை. கண்ணிவெடித் தடைச் சாசனத்தில் இலங்கை 2017 மார்கழியில் சேர்ந்தது. அகற்றும் வேலையில் எங்கள் பெண்களே நூற்றுக்கணக்கில் வெயிலில் முழந்தாளிட்டு வேலை செய்தார்கள். ஆனாலும் வீட்டு வளவுக்குள் புதிதாக வெட்டுகிற இடத்தில் இரும்பாக, பிளாஸ்ரிக்காகத் தெரியாத சாமான் ஏதும் தட்டுப்பட்டால் அலவாங்கால் கிளறிப் பார்க்க வேண்டாம். அப்படியே விட்டு, பிள்ளைகளை விலக்கி, அடையாளம் வைத்துவிட்டுக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

மூன்றாவது கதவு. வீட்டுக்குள் இருந்து அறைக்குப் போகச் சுவரை உடைக்க வேண்டும் என்று மேசன் அண்ணை சொன்னார். ஹோல் யன்னல் ஒன்று பத்திப் பக்கம் திறந்துகொண்டு இருந்தது. "யன்னலுக்குக் கீழ மட்டும் கல்லைக் கழட்டினால் என்ன?" என்று தங்கச்சி கேட்டாள். யன்னலுக்கு மேலே கொங்கிறீற் வளை ஏற்கனவே இருக்கிறது. மேற்சுவரைத் தாங்க அது போதும். புதிதாக உடைத்தால் வளை போட வேண்டும், செலவு, ஆபத்து. மேசன் அண்ணை அவளைப் பார்த்து, "தங்கச்சி, நீர் நாளையில இருந்து என்னோட வேலைக்கு வாரும்" என்றார். யன்னல் மூன்றடி அகலம். அதுவே கதவானது. மெசின் போய்வந்த முன் வாசலையும் மூன்றடிக் கதவுக்கு விட்டு, மிச்சத்தைக் கட்டி யன்னல் வைத்தோம். அந்த யன்னலின் அடி நிலத்தில் இருந்து இரண்டு அடி உயரம்தான். நிற்கிறவர்களுக்கு அது பதிவு. ஆனால் இருந்துகொண்டு பார்க்கிறவளுக்கு முற்றம், வேலி, ஒழுங்கை எல்லாம் தெரியும். எதிர்ச் சுவரில் இன்னொரு யன்னல். எதிரெதிரே யன்னல் இல்லாவிட்டால் காற்று வந்து போகாது. தகரத்துக்குக் கீழே அவிந்து போவோம்.

நாலாவது கூரை. நிலத்தை ஒரு அடி உயர்த்தியதால் சரிவுப் பக்கம் தலை இடிக்கப் பார்த்தது. தகரத்தைக் கழற்றி, அந்தப் பக்கம் ஒரு கல் வரி உயர்த்தித் திரும்பப் போட்டோம். தகரத்தின் மேல் கிடுகு வேய்ந்தோம். முள்ளந்தண்டு காயப்பட்டவர்களில் பலருக்கு உணர்வில்லாத பகுதி சரியாக வேர்க்காது. சூடு உடம்பிலேயே தங்கும். ஆகவே அவர்களுக்குக் குளிர்ச்சி ஆடம்பரம் அல்ல. உங்கள் பத்தி பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அதை உலரவிட்டு அறுக்கவும் உடைக்கவும் வேண்டாம். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் பல வருசம் கழித்துப் புற்றுநோய் வரக்கூடும். தண்ணி அடித்து நனைத்து, முழுச் சீற்றாகக் கழற்றுங்கள்.

ஐந்தாவது சரிவு. இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். ஒன்றரை அடி என்றால் பதினெட்டு அங்குலம், ஆகவே பதினெட்டு அடி. முற்றத்தில் நேராகப் போட இடமில்லாததால் ஒன்பது அடிக்கு ஒரு சரிவு, பிறகு நாற்காலி திரும்ப ஐந்தடிச் சதுரத்தில் ஒரு மட்டமான தட்டு, பிறகு இன்னொரு ஒன்பது அடி. ஓரத்தில் சில்லு வழுகி விழாமல் சின்னக் கட்டு. மேற்பரப்பை வழுவழுப்பாக இழுக்க விடாதீர்கள். ஈர்க்குத் தும்புத்தடியால் இழுத்த சொரசொரப்பு இருக்க வேண்டும். பொதுக் கட்டடங்களில் இப்படியான வசதிகள் இருக்க வேண்டும் என்று இலங்கையில் 2006 ஆம் ஆண்டிலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது. வீடுகளுக்கு ஆரும் வந்து சொல்லப் போவதில்லை. நாங்கள்தான் செய்ய வேண்டும்.

மிச்சம் எல்லாம் சின்ன விசயங்கள். சுவிச்சு மூன்றடி உயரத்தில். மின் இணைப்பைத் தெரிந்த மின் வேலைக்காரரைக் கொண்டு, றிப் சுவிச்சோடு. அறையின் ஒரு மூலையை முழுகுவதற்காகச் சரித்து, தண்ணி வெளியே போகக் குழாய். மலசலகூடத்துக்கு நாற்காலி போகாதபடியால் இப்போதைக்குக் கொமட் கதிரை ஒன்று அந்த மூலையில். இணைந்த மலசலகூடம் அடுத்த சீட்டுக்கு. குழி கிணற்றில் இருந்து தள்ளி இருக்க வேண்டும். அதற்குச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவோம். கட்டத் தொடங்க முன் பிரதேச சபையிலும் அனுமதி பற்றிக் கேளுங்கள். அனுமதிப்பத்திரக் காணி என்றால் அந்தப் பத்திரத்தையும் கொண்டு போங்கள்.

சீமெந்து எல்லாமாக முப்பது பையளவில் முடிந்தது. கல் நாங்களே அரிந்தோம். கிட்டத்தட்ட 250 கல். அரிந்த கல்லையும் கட்டிய சுவரையும் குறைந்தது ஏழு நாளாவது நனைக்க வேண்டும். அந்த வேலை மகளுடையது. மேசன் கூலியை வீட்டுத் திட்டம் எங்களுக்குப் படிப்பித்த மாதிரியே கட்டம் கட்டமாகக் கொடுத்தேன். அத்திவாரம் முடியக் கொஞ்சம், சுவர் முடியக் கொஞ்சம், பூச்சு முடிய மிச்சம். முழுக் காசையும் முன்னுக்குக் கொடுத்துவிட்டு மேசனைத் தேடித் திரிகிற பெண்களை எனக்குத் தெரியும்.

இலண்டனில் இருக்கிற மைத்துனி தொலைபேசியில் கேட்டுவிட்டு, "இஞ்சையும் கனபேர் கார் விடுற கராஜை அறையாக்கினம். ஆனால் கட்டட விதிப்படி அனுமதி எடுக்க வேணும், குளிருக்குச் சுவருக்குள்ள பஞ்சு மாதிரி வைக்க வேணும்" என்றாள். அங்கே குளிரைத் தடுக்கிறார்கள், இங்கே வெக்கையையும் வெள்ளத்தையும் தடுக்கிறோம். ஆனால் எந்த நாட்டிலும் பத்தியை அறையாக்குவது ஒரே காரணத்துக்குத்தான். வீட்டில் ஒரு ஆளுக்கு இடம் இல்லை என்று கடைசியில் ஆரோ ஒருவர் ஒத்துக்கொள்கிறார்.

கடைசியாக ஒரு விசயம். கதவு பூட்ட வந்த தச்சு வேலைக்காரர் கொளுக்கியை வழமைபோல மேலே வைக்கப் போனார். தங்கச்சி மறித்தாள். "அண்ணை, கீழ, என்ர கைக்கு எட்டுற இடத்தில வையுங்கோ. உள்ளுக்கால பூட்டுற மாதிரி" என்றாள். எனக்குப் பயம். விழுந்தால், ஏதும் நடந்தால் எப்படித் திறப்பது? அதைச் சொன்னேன். அவள், "அப்ப வெளியாலயும் கழட்டக்கூடிய மாதிரி ஒரு கொளுக்கி போடட்டும். ஆனால் தட்டிப்போட்டுத்தான் கழட்ட வேணும்" என்றாள். அப்படியே போட்டோம்.

புது அறைக்குப் போன முதல் நாள் விடிய, நான் வழக்கம்போலத் தேத்தண்ணியோடு போனேன். கதவு பூட்டியிருந்தது. பத்து வருசமாகச் சேலையை விலக்கிக்கொண்டு நேரே போன கை அது. அந்தரத்தில் நின்றது. பிறகு தட்டினேன்.

"ஆரது?" என்றாள். அந்த வீட்டில் அந்த நேரம் தேத்தண்ணி கொண்டுவருவது நான் ஒருத்திதான் என்று அவளுக்குத் தெரியும்.

"நான்தான், அக்கா."

"பொறு, வாறன்."

உள்ளே சில்லு உருளும் சத்தம் கேட்டது. தேத்தண்ணி ஆறினாலும் பரவாயில்லை என்று வெளியே நின்றேன்.

புதுக்குடியிருப்புச் சகோதரிக்கு என் பதில் இதுதான். கட்டுங்கள், கட்டலாம். ஆனால் மேசனைக் கூப்பிட முன் மகளிடம் ஒரு சோக்கட்டியைக் கொடுங்கள். பிள்ளையோடு இரவில் எழும்பப் போகிறவள் அவள்தான். கட்டில் எங்கே, தொட்டில் எங்கே, விளக்கு எங்கே என்று அவளே கீறட்டும். உங்கள் வீட்டிலும் சேலை கட்டிய மூலை ஏதும் இருந்தால், அதற்குப் பின்னால் இருப்பவரிடமும் கேளுங்கள். மெசின் கொஞ்ச நாள் வேலிக்கரையில் நிற்கட்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.